கீபோர்டு ஆர்கனும் ரோட்டரி பெடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ச்சிலோ மெல்லிசை மேடையிலோ கீபோர்டு வாசிப்பவர்கள் ஆர்கன் சத்தத்தைப் பற்றி ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: சுருதி சரி, சத்தமும் சுத்தம், ஆனால் அசைவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ரோட்டரி ஸ்பீக்கர் பெடல், அதாவது சுழலும் ஸ்பீக்கரின் சத்தத்தைப் போலச் செய்யும் எஃபெக்ட் பெடல், உதவும். ஆனால் பெடலை வாங்கி மாட்டியதும் எல்லாம் மாறிவிடாது. அதற்குள் அனுப்பும் சத்தம் எந்த எஃபெக்டும் சேராமல் பச்சையாக இருக்க வேண்டும். பாதிக் கேள்விகளுக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

கீபோர்டில் பத்துப் பன்னிரண்டு ஆர்கன் வாய்ஸ் இருக்கிறது. ஒன்றுகூட ஏன் ரெக்கார்டில் கேட்பதுபோல் இல்லை?

ரெக்கார்டில் நாம் கேட்பது இரண்டு கருவிகளின் சத்தம். ஒன்று ஹேமண்ட் ஆர்கன். 1935-இல் சந்தைக்கு வந்தது. பல் வைத்த உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருளுக்கு முன்னால் சுழன்று சுரத்தை உண்டாக்கும். புகழ்பெற்ற பி-3 மாடலில் இப்படி 91 சக்கரங்கள். இதிலிருந்து வரும் சத்தம் தட்டையானது, விரலை எடுக்கும்வரை ஒரே மாதிரி நிற்கும். இரண்டாவது கருவி டான் லெஸ்லி உருவாக்கிய சுழலும் ஸ்பீக்கர் பெட்டி. 1940-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. ஆர்கனைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹேமண்டுக்கு அந்தப் பெட்டி கடைசிவரை பிடிக்கவில்லை. வாசித்தவர்களோ இரண்டையும் பிரிக்கவே மறுத்துவிட்டார்கள்.

கீபோர்டு தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஆர்கனை மட்டும் சாம்பிள் எடுத்தால், அதாவது அதன் சத்தத்தைப் பதிவுசெய்து கீபோர்டில் வைத்தால், அசைவு இருக்காது. லெஸ்லி சுழலும்போதே சாம்பிள் எடுத்தால் அந்தச் சுழற்சி ஒரே வேகத்தில் உறைந்துபோகும். கேட்பவரின் காது தேடுவது, மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் அந்தச் சில விநாடிகளை. உறைந்த சாம்பிளில் அது வரவே வராது.

லெஸ்லி பெட்டிக்குள் அப்படி என்ன நடக்கிறது?

பெடலில் இருக்கும் குமிழ்கள் எல்லாம் இந்தப் பெட்டியின் உறுப்புகளைத்தான் குறிக்கின்றன. அதனால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பி-3க்கு ஜோடியாக அதிகம் பேசப்படும் லெஸ்லி 122 மாடலில் 40 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். 800 ஹெர்ட்ஸில் சத்தம் இரண்டாகப் பிரியும். மேல்சத்தம் ஒரு டிரைவர் வழியாகச் சுழலும் கொம்புக்குப் போகும். கொம்புக்கு இரண்டு வாய் தெரியும், ஆனால் ஒன்றில்தான் சத்தம் வரும். மற்றது எடை சமநிலைக்காக. கீழ்ச்சத்தம் 15 அங்குல ஸ்பீக்கருக்குப் போகும். அந்த ஸ்பீக்கர் சுழலாது. அதன் கீழே உள்ள உருளை சுழன்று சத்தத்தைத் திருப்பிவிடும். கொம்பும் உருளையும் எதிரெதிர் திசையில் சுற்றுபவை.

வேகம் இரண்டு. மெதுவில் கொம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 48 சுற்று, உருளை 40. வேகத்தில் கொம்பு சுமார் 400, உருளை சுமார் 340. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாததால் அலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருக்கும். கொம்பு இலேசானது, ஒரு விநாடி அளவில் வேகம் பிடித்துவிடும். உருளை கனமானது, நான்கைந்து விநாடி எடுக்கும். லெஸ்லியின் அழகு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கொம்பின் வாய் மையத்திலிருந்து சுமார் 18 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், வேகச் சுழற்சியில் அது விநாடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும்போது சுருதி 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறும், விலகும்போது அதே அளவு இறங்கும். அரைச்சுர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். கூடவே சத்த அளவும் ஏறி இறங்கும், தொனியும் மாறும், பெட்டியின் சுவரில் பட்ட எதிரொலியும் சேரும்.

அப்படியானால் கோரஸ் அல்லது ஃபேசர் பெடல் போதாதா? விலை குறைவாக இருக்கிறதே.

போதாது. அவற்றில் ஒரே ஒரு அசைவுதான், அதுவும் சத்தம் முழுவதற்கும் சேர்த்து. வேகத்தை மாற்றினால் பெரும்பாலானவை சட்டென்று தாவும், கனமான ஒன்று சுழலத் தொடங்கும் உணர்வு வராது. கையில் ஏற்கெனவே இருந்தால் ஸ்லோ அசைவுக்குச் சமாளிக்கலாம். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

கீபோர்டிலேயே ரோட்டரி எஃபெக்ட் இருக்கிறது. பெடல் தேவையா?

முதலில் உள்ளே இருப்பதைச் சோதித்துப் பாருங்கள். இடது கையில் கீழே ஒரு சி, வலது கையில் மேலே ஒரு கார்டு பிடித்துக்கொண்டு ஸ்லோவிலிருந்து ஃபாஸ்டுக்கு மாற்றுங்கள். மேல்சத்தம் முதலில் வேகம் பிடித்து, கீழ்ச்சத்தம் பின்தங்கி வந்து சேர்ந்தால் உள்ளே இரண்டு சுழலிகளையும் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவே பலருக்குப் போதும், பணத்தை மிச்சப்படுத்தலாம். இரண்டும் ஒன்றாக வேகம் பிடித்தாலோ, மாற்றும் நொடியில் சத்தம் வெட்டினாலோ பெடலுக்குப் போகலாம்.

பெடலுக்கு எந்த வாய்ஸ் பொருந்தும்?

அசையாத வாய்ஸ். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு ஒரு கட்டையை பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சத்தம் கோடு போட்டதுபோல் நின்றால் நல்லது. நடுக்கம் தெரிந்தால் அதே கட்டையின் ஒரு ஆக்டேவ் மேலே பிடித்துப் பாருங்கள். நடுக்கமும் வேகமாகிவிட்டால் சாம்பிளுக்குள்ளேயே லெஸ்லி இருக்கிறது. அதன்மேல் பெடலைப் போட்டால் சுழற்சிக்கு மேல் சுழற்சி விழுந்து சத்தம் கலங்கும், சுருதி விலகியதுபோலவும் கேட்கும். இதை எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது.

ஜிஎம் (ஜெனரல் மிடி) என்ற பொதுவான வாய்ஸ் எண் வரிசையில் 17 டிராபார் ஆர்கன், 18 பெர்கஸிவ் ஆர்கன், 19 ராக் ஆர்கன், 20 சர்ச் ஆர்கன். முதல் இரண்டிலிருந்து தொடங்குங்கள். 19-இல் சுழற்சி சேர்ந்தே இருப்பது சகஜம். 20 என்பது குழாய் ஆர்கன், அதை லெஸ்லி வழியாக அனுப்ப வேண்டியதில்லை. பாமாலைக்கு அந்த வாய்ஸ் பிடித்திருந்தால் பெடலை பைபாஸில் (எஃபெக்ட் சேராமல் சத்தம் நேராகப் போகும் நிலை) வைத்து வாசியுங்கள்.

கீபோர்டில் எதையெல்லாம் அணைக்க வேண்டும்?

ரிவெர்ப், கோரஸ், டிஎஸ்பி (கீபோர்டின் மற்ற எஃபெக்டுகள்) மூன்றையும். ரிவெர்ப் பெடலுக்கு முன்னால் இருந்தால் அறையின் எதிரொலியும் சேர்ந்து சுழலும், வார்த்தை புரியாத பேச்சுபோலச் சத்தம் மங்கும். ரிவெர்ப் வேண்டுமென்றால் மிக்ஸரில் போடுங்கள். சில கீபோர்டுகளில் ரிவெர்ப் பட்டன் முன்பலகையில் இருக்காது, ஃபங்ஷன் மெனுவுக்குள் வகையை ‘ஆஃப்’ ஆக்கவோ அந்த வாய்ஸின் சென்ட் அளவை 0 ஆக்கவோ வேண்டும்.

அடுத்தது டச். ஹேமண்டில் கட்டையை மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம். டச் ரெஸ்பான்ஸை ‘ஃபிக்ஸ்டு’ அல்லது ‘ஆஃப்’ ஆக்கினால்தான் கார்டுகள் சமமாக நிற்கும். சஸ்டெயின் பெடலையும் ஆர்கனுக்கு மிதிக்காதீர்கள். விரல் மாற்றிப் பிடித்துத்தான் சுரங்களை இணைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அணைக்க வேண்டாம். டிராபார் (இழுத்தும் தள்ளியும் சத்தத்தின் அடுக்குகளைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகள்) உள்ள கீபோர்டுகளில் வி-1 முதல் சி-3 வரை வைப்ரேட்டோ தேர்வு இருக்கும். பெயரில் கோரஸ் என்று வந்தாலும் அது ஹேமண்டுக்குள்ளேயே இருந்த பகுதி, லெஸ்லிக்கு முன்னால் வருவது. சி-3 போட்டு லெஸ்லிக்கு அனுப்புவது பழைய வழக்கம்தான்.

டிராபார்களை எப்படி வைப்பது?

ஒன்பது டிராபார்: 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 அடி (குழாய் ஆர்கனின் குழாய் நீளக் கணக்கு). ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. கீழே வரும் ஒன்பது எண்களும் இதே வரிசையில். ஜாஸ் ஆர்கனில் ஜிம்மி ஸ்மித் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் அமைப்பு 88 8000 000, அதோடு மூன்றாம் ஹார்மோனிக் பெர்கஷன் (கட்டையைத் தட்டியதும் ஒலித்துத் தேய்ந்துவிடும் கூடுதல் சத்தம்), குறுகிய தேய்வு. எல்லாவற்றையும் முழுதாக இழுத்த 88 8888 888 உச்சகட்டத்துக்கு மட்டும். தொடர்ந்து வைத்தால் பாடகரின் குரலை மூடிவிடும். 80 0000 008 வைத்து ஸ்லோவில் விட்டால் அடியில் ஒரு முனகலும் மேலே ஒரு விசிலும் கேட்கும், பிரார்த்தனைப் பாடலின் பின்னணிக்கு அருமையாகப் பொருந்தும்.

பி-3யில் பெர்கஷன் போட்டால் 1 அடி டிராபார் பேசாது. அதை அப்படியே பின்பற்றும் கீபோர்டுகளில் கடைசி டிராபார் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பெர்கஷன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒலிக்காததும் பழுதல்ல. எல்லா விரலும் எடுபட்ட பிறகு தட்டும் முதல் கட்டைக்குத்தான் அது ஒலிக்கும்.

வயர் எப்படிப் போடுவது?

கீபோர்டின் பின்னால் எல்/மோனோ, ஆர் என்று இரண்டு அவுட் இருந்தால் எல்/மோனோவிலிருந்து மட்டும் ஒரு மோனோ கேபிள் பெடலுக்குள். கடையில் பி-38 என்று கேட்டுவாங்கும் 6.35 மி.மீ. பின்தான். அசல் லெஸ்லிக்கும் போனது மோனோ சத்தம்தான், எனவே இதில் எந்த இழப்பும் இல்லை. பெடலிலிருந்து இரண்டு கேபிள் மிக்ஸரின் இரண்டு சேனலுக்கு. ஒன்றின் பான் (சத்தத்தை இடது, வலது பக்கம் தள்ளும் குமிழ்) முழு இடது, மற்றது முழு வலது.

கீபோர்டில் ஹெட்ஃபோன் ஜாக் மட்டும் இருந்தால் அதில் மோனோ பின்னை நேராகச் சொருகாதீர்கள். மோனோ பின்னின் உடல் வலது பக்கத்தைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் கேபிள் வாங்குங்கள். இடதை மட்டும் பெடலில் சொருகிவிட்டு வலதை எதிலும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். கீபோர்டு வால்யூம் பாதியிலிருந்து தொடங்கட்டும்.

ஓவர்டிரைவ் பெடலும் (சத்தத்துக்குக் கரகரப்பு சேர்ப்பது) இருந்தால் அது ரோட்டரிக்கு முன்னால். வால்வ் ஆம்ப்ளிஃபயர் கொம்புக்கு முன்னால் இருந்ததால் இந்த வரிசை. பின்னால் போட்டால் கரகரப்பு அசையாமல் நின்றுவிடும்.

கார்டு பிடித்தால் சத்தம் கரகரக்கிறது. டிரைவ் குமிழ் 0-இல்தான் இருக்கிறது.

பெடலின் இன்புட் நிரம்பி வழிகிறது. கிட்டாரிலிருந்து வருவதைவிடக் கீபோர்டின் அவுட் பலமானது. கிட்டாருக்காகச் செய்த பெடலில் அது வெட்டுப்படும். பெடலில் லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்ற ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு கையாலும் முழு கார்டு பிடித்து, கரகரப்பு வரும்வரை கீபோர்டு வால்யூமை ஏற்றி, அங்கிருந்து சற்றுத் தாராளமாகவே இறக்குங்கள். குறைந்த சத்தத்தை மிக்ஸரில் ஈடுசெய்யலாம்.

காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஹேமண்டில் அது லெஸ்லி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருந்தது. கால் அழுந்தினால் சத்தம் கூடுவதோடு கரகரப்பும் கூடும், தளர்த்தினால் சுத்தமாகும். அதே உணர்வு வேண்டுமென்றால் எக்ஸ்பிரஷனைக் கீபோர்டின் ஜாக்கில் மாட்டுங்கள். ரோட்டரி பெடலுக்குப் பின்னால் வால்யூம் பெடல் வைத்தால் கிடைப்பது ஏற்ற இறக்கம் மட்டுமே.

குமிழ்களை எந்த அளவில் வைத்துத் தொடங்கலாம்?

பெடலுக்குப் பெடல் பெயர் மாறும். வேகத்தைக் காதால் எண்ணி வையுங்கள். ஸ்லோவில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து 10 விநாடியில் 8 அலை வருகிறதா என்று எண்ணினால் போதும். ஃபாஸ்ட் விநாடிக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் அலை. பலர் ஸ்லோவை அதிக வேகத்தில் வைத்துவிடுகிறார்கள், அதனால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் போகிறது.

கொம்பு, உருளை அளவைச் சமன் செய்யும் பேலன்ஸ் குமிழை நடுவில் வைத்து, கொம்பின் பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம். இடது கையில் பேஸ் கிட்டார் பகுதியில் வாசிப்பவர்கள் உருளையை இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. மைக் தூரம் என்ற குமிழ் இருந்தால், அருகில் வைக்கும்போது அலை வெட்டியதுபோலத் தெரியும், தூரத்தில் மிருதுவாகும். ஏற்கெனவே எதிரொலிக்கும் மண்டபத்தில் அருகில் வைப்பதே தெளிவு தரும். ஆக்ஸிலரேஷனைப் பெடல் வந்த நிலையிலேயே விடுங்கள். அதைக் குறைத்தால் ஏறும் நேரம் நீண்டு, பாடல் முடிந்த பிறகுதான் ஃபாஸ்ட் வந்துசேரும்.

ஸ்லோ எப்போது, ஃபாஸ்ட் எப்போது?

நீண்ட கார்டுகளுக்கு ஸ்லோ. பல்லவிக்குத் திரும்பும் வரியிலோ ஒரு சொற்றொடரின் முடிவில் பிடித்து நிற்கும் கார்டிலோ ஃபாஸ்ட். மாற்றத்தைத் தாளத்தின் தட்டில் செய்யாமல் ஒன்றிரண்டு தட்டு முன்னதாகவே செய்யுங்கள். கொம்பு ஏற ஒரு விநாடி எடுப்பதால் உச்சம் சரியான இடத்தில் வந்து விழும். திரும்ப இறக்கும்போது கார்டைப் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும், விட்டுவிட்டு இறக்கினால் யாருக்கும் கேட்காது.

கால் சஸ்டெயினுக்கும் எக்ஸ்பிரஷனுக்கும் ஓடிக்கொண்டிருந்தால் ரோட்டரி பெடலைத் தரையில் வைக்காதீர்கள். கீபோர்டின் இடது ஓரத்தில் மேலேயே வைத்துக் கையால் அழுத்துங்கள். பி-3யிலும் வேக ஸ்விட்ச் இடது கை எட்டும் இடத்தில்தான் மாட்டப்பட்டிருக்கும்.

எங்கள் மண்டபத்தில் சவுண்ட் முழுக்க மோனோ. பயன் உண்டா?

உண்டு. லெஸ்லிப் பெட்டியே ஒரே இடத்திலிருந்து ஒலித்ததுதான். ஆனால் இரண்டு அவுட்டையும் ஒய் கேபிளால் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இடதும் வலதும் வெவ்வேறு கட்டத்தில் அலைபவை, சேரும்போது ஒன்றையொன்று தின்று அசைவு மெலியும். பெடலின் மோனோ அவுட் என்று குறித்த ஒன்றிலிருந்து மட்டும் எடுங்கள்.

பெடலை மாட்டியதும் ‘ஹம்’ வருகிறது.

முதலில் கீபோர்டிலிருந்து வரும் கேபிளைப் பெடலில் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி வரும் இரைச்சல். கீபோர்டு, பெடல், மிக்ஸர் மூன்றும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பெடலுக்கும் மிக்ஸருக்கும் இடையே டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்து ஹம்மை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். லேப்டாப் யுஎஸ்பியில் இணைந்திருந்தால் வரும் கீச்சொலி வேறு வகை. சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேபிளைப் பிடுங்கியும் இரைச்சல் தொடர்ந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். டிஜிட்டல் ரோட்டரி பெடல்கள் சாதாரண கிட்டார் பெடலைவிட அதிக மின்னோட்டம் எடுக்கும். 100 மில்லிஆம்ப் அடாப்டரில் சில பெடல்கள் விளக்கெரியும், ஆனால் சத்தம் உடையும் அல்லது நடுவில் நின்று மீண்டும் தொடங்கும். சில 9 வோல்ட், சில 12 வோல்ட். நடுமுனை எதிர்மறையா நேர்மறையா என்ற படமும் பெடலின் அடியில் அச்சிட்டிருக்கும். இவை மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் மாட்ட வேண்டும்.

பியானோ வாய்ஸுக்கு மாறினால் பியானோவும் சுழல்கிறது!

பைபாஸை மிதிப்பது ஒரு வழி. அவசரத்தில் மறந்துபோகும். கீபோர்டில் ஒவ்வொரு வாய்ஸுக்கும் தனி பான் வைத்து ரெஜிஸ்ட்ரேஷனில் (கீபோர்டின் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) சேமிக்க முடிந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. ஆர்கனை முழு இடது, மற்ற எல்லா வாய்ஸையும் முழு வலது ஆக்குங்கள். இடது அவுட் பெடலுக்கு, வலது அவுட் நேராக மிக்ஸருக்கு. இனி வாய்ஸ் மாற்றினாலே வழியும் மாறும், ஆர்கனையும் பியானோவையும் ஒரே நேரத்தில் இரண்டு கையில் வாசிக்கவும் முடியும். இதற்கு ஆர் அவுட்டிலும் கேபிள் செருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் எல்/மோனோ இரண்டையும் கலந்துவிடும். கீபோர்டின் ரிவெர்பும் அணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் கசியும். ஸ்டைல் (கீபோர்டின் தானியங்கிப் பின்னணி) ஓடவிட்டு வாசிப்பவர்கள் தாளப் பகுதிகளையும் வலதுக்குத் தள்ள மறக்காதீர்கள்.

எந்தப் பெடல் வாங்கலாம்?

நியோ இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெண்டிலேட்டர் கீபோர்டுக்காரர்களிடம் நீண்டகாலமாக நல்ல பெயர் வாங்கியது. ஸ்ட்ரைமன் லெக்ஸ், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் லெஸ்டர் கே ஆகியவையும் உண்டு. பாஸ் ஆர்டி-20 உற்பத்தி நின்றுவிட்டது, பழையதாகக் கிடைத்தால் பார்க்கலாம். பிராண்டைவிட நான்கு விஷயம் முக்கியம்: கொம்பும் உருளையும் தனித்தனியாக வேகம் பிடிக்க வேண்டும், இன்புட் கீபோர்டின் லைன் அளவைத் தாங்க வேண்டும், ஸ்டீரியோ அவுட் வேண்டும், லெஸ்லிப் பெட்டியின் தொனியும் உள்ளே இருக்க வேண்டும். கடைசியை விட்டுவிட்டால் கிட்டார் ஆம்ப்பில் அழகாக ஒலித்த பெடல் மண்டபத்து ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கும். கொம்பு டிரைவர் உச்ச அதிர்வுகளை அதிகம் தராது, முழுவீச்சு ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் கொட்டிவிடும். ஏற்கெனவே அப்படிப்பட்ட பெடல் இருந்தால் மிக்ஸரில் டிரெபிளைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

இப்போதைக்குப் பெடல் வாங்கப் பணமில்லை. வேறு வழி?

லேப்டாப் இருந்தால் செட்பிஃப்ரீ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டோன்வீல் ஆர்கனும் (ஹேமண்ட்போலச் சக்கரம் வைத்தது) லெஸ்லியும் சேர்ந்தே இருக்கின்றன. கீபோர்டை யுஎஸ்பி மிடி வழியாக இணைத்து, கட்டைகளைக் கீபோர்டின் சொந்தச் சத்தத்தோடு இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு ஆர்கனும் ஒன்றாக ஒலிக்கும். ஆடியோ பஃபரை (லேப்டாப் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் சத்தத்தின் அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளுக்கு வைத்தால் அதனால் வரும் தாமதம் 3 மில்லிவிநாடிக்குள் அடங்கும். சத்தத்தில் ‘டிக் டிக்’ என்று வெடிப்பு வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கைவிடச் சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இரைச்சலையும் தாமதத்தையும் நன்றாகக் குறைக்கும்.